கடலோரப் பூங்காவில் கையடக்கக் கேமரா: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்க

அரியமான் சவுக்குத் தோப்பு, குந்துகால் விவேகானந்தர் நினைவிடம், கடலை ஒட்டிய ஊர்ப் பூங்காக்கள் ஆகிய இடங்களில் கையடக்கக் கேமராவோடு சுற்றுபவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் தொல்லைகள் இவை. லென்ஸைக் கழற்ற முடியாத ரிகோ ஜிஆர் 3, ஜிஆர் 3எக்ஸ், ஃபியூஜி எக்ஸ்100 வரிசை போன்ற கேமராக்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ராமநாதபுரம் கரையில் கேமரா பழுது என்று தோன்றுவதில் பெரும்பகுதி உப்பு, மணல், காற்று, வெயில் இந்த நான்கில் ஒன்றின் வேலை. அதனால் ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் கேமராவுக்கு வெளியே பாருங்கள், பிறகு செட்டிங், கடைசியில்தான் சர்வீஸ்.

அறிகுறி 1: படம் முழுக்கப் புகை படிந்தாற்போல் வெளிறி இருக்கிறது

எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

*பூங்காவுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்துக்கு மட்டும்*

ஏசி அறையிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ நேராக வந்திருப்பீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் கடல்காற்றின் ஈரம் வேர்த்து நிற்கிறது. துடைக்காதீர்கள். துடைத்தால் மறுபடி வேர்க்கும், கூடவே ஈரத்தில் ஒட்டிய தூசி கண்ணாடியில் இழுபடும். 20 முதல் 30 நிமிடம் அப்படியே விட்டால் தானாகப் போய்விடும். அறையை விட்டுக் கிளம்பும்போதே கேமராவை ஜிப் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி எடுத்து வந்தால் வேர்ப்பது கவரின் வெளிப்புறம் மட்டும்தான். கேமரா வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு கவரைத் திறக்கலாம். விடிகாலையில் எடுக்கத் திட்டமிருந்தால் முதல்நாள் இரவே கேமராவை ஏசி இல்லாத இடத்தில் வைப்பது இதைவிட எளிது.

*நேரம் ஆக ஆக மோசமாகிறது*

இது உப்புப் படலம். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கத்துப் பூங்காக்களில் கடலிலிருந்து தள்ளி நின்றாலும் லென்ஸில் உப்புச் சாரல் ஏறும். வாடைக் காலத்தில் இதே தொல்லை வடகடல் (பாக் நீரிணை) பக்கம். கேமராவைச் சாய்த்து வெளிச்சத்தில் லென்ஸைப் பாருங்கள், மெல்லிய சாம்பல் பூச்சு தெரியும்.

துடைக்கும் வரிசை முக்கியம், இதில் தவறினால் லென்ஸின் பூச்சு கீறிவிடும்:

1. லென்ஸ் தரையைப் பார்க்கும்படி பிடித்து ரப்பர் புளோயரால் எட்டுப் பத்து முறை ஊதுங்கள். மணல் போகாமல் துணி படக் கூடாது.
2. சுத்தமான மைக்ரோஃபைபர் துணியின் ஒரு மூலையை, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, அழுத்தாமல் லென்ஸில் ஒற்றி எடுங்கள். உப்பு கரைந்து துணிக்கு வரும்.
3. உலர்ந்த மூலையால் நடுவிலிருந்து வெளிப்பக்கம் வட்டமாகத் துடையுங்கள்.
4. விரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் மட்டும் லென்ஸ் திரவம்.

பலர் எடுத்த எடுப்பில் லென்ஸ் திரவத்தை ஊற்றுகிறார்கள். அதில் பெரும்பாலும் ஆல்கஹால்தான் இருக்கிறது, உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. கரையாத உப்புப் பொடியைத் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான். சட்டை நுனி, துப்பட்டா, துண்டு எதுவும் வேண்டாம்.

எக்ஸ்100 வரிசையில் அடாப்டர் வளையத்தோடு 49 மி.மீ. பாதுகாப்பு ஃபில்டர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிட்டால் இந்த வேலையெல்லாம் ஃபில்டரோடு நின்றுவிடும். எக்ஸ்100வி, எக்ஸ்100விஐ இரண்டும் அடாப்டர் வளையமும் ஃபில்டரும் போட்டால்தான் தூறல், தூசியைத் தாங்கும். ஃபில்டர் இல்லாத நிலையில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஜிஆர் 3-க்கு எந்த நிலையிலும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

*சூரியனை நோக்கித் திரும்பும்போது மட்டும்*

லென்ஸ் சுத்தமாக இருந்தும் வந்தால் அது நேர்வெயில் கண்ணாடிக்குள் சிதறுவது. இடது கையால் லென்ஸுக்கு மேல் நிழல் கொடுத்து இன்னொரு படம் எடுங்கள். தெளிந்தால் ஹூட் வாங்குவதோடு முடிந்தது. மலிவான ஃபில்டர் போட்டிருந்தால் அதைக் கழற்றியும் ஒருமுறை பாருங்கள், பல நேரம் குற்றவாளி அதுதான்.

*எல்லா நேரமும், எல்லாத் திசையிலும்*

கேமராவை அணைக்காமல், அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளை) முழுக்கத் திறந்து, லென்ஸுக்குள் ஓரத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலவோ பஞ்சு இழை போலவோ தெரிந்தால் பூஞ்சை. இது வெளியிலிருந்து போகாது. சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். தள்ளிப்போட்டால் பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், அப்புறம் சுத்தம் செய்தாலும் தடம் நிற்கும்.

வராமல் தடுக்க: கேமராவை அதன் தோல் உறையில் மூடி வைக்காதீர்கள். காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்றை உள்ளே போட்டு 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்துங்கள். நீல மணி இளஞ்சிவப்பானாலோ ஆரஞ்சு மணி பச்சையானாலோ சூடாக்கி உலர்த்த வேண்டும். நீல மணியில் கோபால்ட் குளோரைடு உண்டு, சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள்.

அறிகுறி 2: பூ மங்கலாக வருகிறது

திரையில் படத்தை முழுக்கப் பெரிதாக்கி, வேறு எங்காவது தெளிவாக இருக்கிறதா என்று தேடுங்கள்.

*பின்னால் இருக்கும் இலையோ வேலியோ தெளிவாக இருக்கிறது*

ஃபோகஸ் பூவைத் தாண்டிப் போய்விட்டது. முதலில் தூரத்தைச் சரிபாருங்கள். ஜிஆர் 3 சாதாரண நிலையில் சுமார் 10 செ.மீ. வரை ஃபோகஸ் செய்யும், மேக்ரோ (கிட்டத்தில் எடுக்கும் நிலை) போட்டால் 6 முதல் 12 செ.மீ. வரை மட்டும். ஜிஆர் 3எக்ஸ் சாதாரண நிலையில் 20 செ.மீ., மேக்ரோவில் 12 முதல் 24 செ.மீ. எக்ஸ்100வி, எக்ஸ்100விஐ இரண்டும் 10 செ.மீ. அதைவிடக் கிட்டே போனால் எந்தக் கேமராவும் பின்னால் உள்ளதைத்தான் பிடிக்கும்.

தூரம் சரியாக இருந்தால் ஃபோகஸ் பெட்டியை ஆகச் சிறியதாக்குங்கள். காகிதப்பூ, அரளி மாதிரி கொத்தாக நிற்பவற்றில் பெரிய பெட்டி வைத்தால் கேமரா எந்தப் பூவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்.

*எதுவுமே தெளிவில்லை, ஆனால் இழுபட்ட தடம் இல்லை*

பூவை எடுத்துவிட்டு மேக்ரோவை அணைக்காமல் மரத்தை எடுத்திருப்பீர்கள். ஜிஆர் வரிசையில் இது அடிக்கடி நடக்கும். மேக்ரோ நிலையில் தூரத்தில் உள்ளது எதுவும் ஃபோகஸ் ஆகாது. திரையில் பூ அடையாளம் தெரிகிறதா என்று பார்த்து அணையுங்கள்.

*பூ மட்டும் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது, தண்டும் தரையும் தெளிவு*

காற்று. கேமராவில் உள்ள ஆட்டம் தாங்கும் வசதி உங்கள் கை நடுக்கத்துக்கு மட்டும்தான், பூ ஆடுவதை அது நிறுத்தாது. ஷட்டர் வேகத்தை 1/500-க்குக் குறையாமல் வையுங்கள். கச்சான் காலத்தில் 1/1000. அப்பர்ச்சர் எஃப் 8 வைத்தால் (எண் கூடினால் துளை சிறிதாகும்) நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400 போதும். மர நிழலில் 3200 வரை ஏற்ற வேண்டிவரும். ஏற்றுங்கள். இழுபட்ட பூவை எந்த மென்பொருளும் மீட்காது, ஐஎஸ்ஓ கூடியதால் வரும் மணல்மணலான தோற்றத்தைக் குறைக்க வழி உண்டு.

தொடர் ஃபோகஸை நம்புவதைவிட, ஃபோகஸை ஒரு தூரத்தில் பூட்டி, பூ ஆடி அந்த இடத்துக்கு வரும்போது ஐந்தாறு படம் தொடராக எடுப்பது நல்லது. காற்று மூச்சு விடும் இடைவெளி எப்போதும் உண்டு, அதற்குக் காத்திருங்கள். சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரத்தில் காற்று பெரும்பாலும் தணிந்திருக்கும், உப்புச் சாரலும் குறைவு.

*மகரந்தம் மட்டும் தெளிவு, இதழ் எல்லாம் கரைந்து போகிறது*

10 செ.மீ. தூரத்தில் எஃப் 2.8 வைத்தால் ஜிஆர் 3-இல் தெளிவான ஆழம் சுமார் 3 மி.மீ.தான். எஃப் 8-இல் அது 8 மி.மீ. அளவுக்கு ஏறும். செம்பருத்தியின் நடுவில் நீண்டு நிற்கும் மகரந்தத் தண்டுக்கு அதுவும் போதாது. முன்னிருந்து எடுக்காமல் பக்கவாட்டில் நின்று, தண்டு முழுவதும் லென்ஸுக்கு ஒரே தூரத்தில் இருக்கும்படி எடுங்கள்.

*கிட்டே எடுத்தால் பூவைச் சுற்றி மெல்லிய புகை, தள்ளி எடுத்தால் இல்லை*

எக்ஸ்100, 100எஸ், 100டி, 100எஃப் வைத்திருந்தால் இது பழுதில்லை, அந்த லென்ஸின் இயல்பு. கிட்டத்தில் எஃப் 2 வேண்டாம், எஃப் 4-க்குப் போங்கள். 2020-இல் வந்த எக்ஸ்100வி-யில் லென்ஸை மாற்றிச் சரிசெய்தார்கள்.

*எல்லாம் செய்தும், ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் மங்கல்*

தட்டையான செங்கல் சுவருக்கு நேர் எதிரே நின்று எஃப் 5.6-இல் ஒரு படம், கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு படம். மங்கல் அதே கேமராப் பக்கத்தோடு சேர்ந்து இடம் மாறினால் லென்ஸ் கண்ணாடி நகர்ந்திருக்கிறது, பெரும்பாலும் கீழே விழுந்ததால். சர்வீஸ்.

அறிகுறி 3: நிறம் சரியில்லை

*செம்பருத்தி சிவப்புத் திட்டாக வருகிறது, இதழின் நரம்பு தெரியவில்லை*

சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிட்டது. சாதாரண ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) தெரியாது, மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். சிவப்புக் கோடு வலது ஓரத்தில் முட்டி நிற்கும். எக்ஸ்போஷரை -0.7 குறைத்து, நிறத்தை அடர்த்தியாக்கும் விவிட் மாதிரியான தேர்வை விட்டு ஸ்டாண்டர்டுக்கு வாருங்கள். ரா கோப்பும் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) சேர்த்து எடுங்கள். நடுப்பகலாக இருந்தால் உங்கள் நிழலைப் பூவின் மேல் விழச் செய்து எடுத்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். காகிதப்பூவுக்கும் சிவப்பு அரளிக்கும் இதே வைத்தியம்.

*காலையில் மஞ்சளாக எடுத்த பூ மாலையில் சிவந்து வருகிறது*

பூவரசாக இருந்தால் கேமராவைத் தொடாதீர்கள். காலையில் மஞ்சளாக விரியும் பூவரசம்பூ வாடும்போது சிவந்துவிடும். வேறு பூவென்றால் ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பச் சரிசெய்யும் செட்டிங்) ஆட்டோவில் இருக்கிறதா பாருங்கள், டேலைட்டில் நிறுத்தினால் நாள் முழுக்க ஒரே அடிப்படையில் வரும்.

*இலைகள் பச்சையாக இல்லாமல் வெள்ளை பளபளப்பாக இருக்கின்றன*

புன்னை, பூவரசு இலைகள் வெயிலைக் கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும். போலரைசர் ஃபில்டர் போட்டுச் சுழற்றினால் பச்சை திரும்பும். எக்ஸ்100-க்கு அடாப்டர் வளையத்தில் 49 மி.மீ. போதும், ஜிஆர் 3-க்கு ஜிஏ-1 அடாப்டர் வாங்கி அதில் 49 மி.மீ. போட வேண்டும். ஒரு எச்சரிக்கை: 28 மி.மீ. அகலக் கோணத்தில் வானத்தையும் சேர்த்தால் நீலம் ஒரு பக்கம் இருண்டு மறுபக்கம் வெளுத்து வரும். வானம் இல்லாமல் எடுங்கள்.

அறிகுறி 4: வெளிச்சம் தாறுமாறாக வருகிறது

*வெண்மணல் இருக்கும் படங்கள் சாம்பலாக வருகின்றன*

கேமரா வெண்மணலைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் குறைக்கிறது. எக்ஸ்போஷரில் +0.7 கொடுங்கள். மணல் இல்லாத பக்கம் திரும்பியதும் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

*பனைமரம் கறுப்பு, வானம் வெள்ளை*

வானத்துக்கும் மரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே படத்தில் அடக்க முடியாத நேரம் அது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுங்கள். முடியாதென்றால் வானம் வெளுக்காத அளவுக்குக் குறைத்து ராவில் எடுத்து, பிறகு நிழலைத் தூக்குங்கள்.

*அப்பர்ச்சரைத் திறந்தால் படம் முழுக்க வெளுக்கிறது, ஷட்டர் எண் சிவப்பாகவோ மின்னிக்கொண்டோ இருக்கிறது*

பழுதே இல்லை. இந்தக் கேமராக்களில் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது, அப்பர்ச்சர் அகலத் திறந்திருக்கையில் அதற்கு வேக வரம்பு உண்டு. ஜிஆர் 3-க்கு எஃப் 2.8-இல் 1/2500. கடற்கரை வெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப் 2.8 என்றால் சுமார் 1/6400 தேவைப்படும். கேமராவுக்குள்ளேயே இருக்கும் என்டி ஃபில்டரை (வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) போடுங்கள். ஜிஆர் 3-இல் அது 2 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்) குறைக்கும், எக்ஸ்100வி-யிலும் விஐ-யிலும் 4 ஸ்டாப். எக்ஸ்100வி-யில் எலெக்ட்ரானிக் ஷட்டருக்கும் மாறலாம், ஆனால் காற்றில் ஆடும் தென்னை ஓலை அதில் நெளிந்து வரும்.

*நடுப்பகலில் எல்லாம் தட்டையாகவும் கண்ணுக்குக் கூச்சமாகவும் இருக்கிறது*

ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் இந்தக் கரையில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். கடிகாரத்தில் 12 மணிக்கு அல்ல, அதற்குச் சுமார் 10, 15 நிமிடம் கழித்து. அந்த நேரத்தில் மரத்தின் நிழல் நேர் அடியில் மட்டும்தான் விழும், செட்டிங்கை மாற்றி எந்தப் பயனும் இல்லை. நிழலில் உள்ள பூக்களை மட்டும் எடுங்கள். வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்துப் பூவின் கீழ்ப்பக்கம் பிடித்தால் அடியில் உள்ள கறுப்பு குறையும். எக்ஸ்100-இல் உள்ள சிறு ஃபிளாஷை -1 வைத்து, 1/1000 வரை ஷட்டர் வைத்தே கிட்டத்துப் பூவுக்கு வெளிச்சம் கொடுக்கலாம். இதுபோன்ற கேமராக்களின் உண்மையான பலம் அதுதான். ஜிஆர் 3-இல் ஃபிளாஷ் கிடையாது.

*அந்தியில் ஃபிளாஷ் போட்டால் வெள்ளை வட்டங்கள் மிதக்கின்றன*

காற்றில் உள்ள சாரலும் தூசியும் ஃபிளாஷில் மின்னுகின்றன. ஃபிளாஷை அணையுங்கள், வேறு வழி இல்லை.

அறிகுறி 5: எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் புள்ளி

லென்ஸ் முகப்பில் உள்ள தூசி இப்படிப் புள்ளியாகத் தெரியாது. எனவே முகப்பைத் தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள். இது சென்சாரில் ஒட்டிய தூசி.

உறுதிப்படுத்த, எஃப் 16 வைத்து, ஃபோகஸைக் கையால் தொலைவில் நிறுத்தி, கிட்டத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பார்த்து, கேமராவை லேசாக அசைத்துக்கொண்டே இரண்டு படம் எடுங்கள். இரண்டிலும் அதே இடத்தில் இருந்தால் சென்சார் தூசிதான். எஃப் 2.8-இல் மறைந்துவிடும்.

செய்ய வேண்டியவை இந்த வரிசையில்: மெனுவில் தூசி உதறும் வசதி இருந்தால் நாலைந்து முறை ஓட்டுங்கள். போகாவிட்டால் எஃப் 5.6-க்குக் கீழே எடுத்துச் சமாளியுங்கள், மிஞ்சிய புள்ளியைக் கணினியில் அழியுங்கள். வானத்தில் புள்ளி பெருகிவிட்டால் சர்வீஸ். லென்ஸ் கழலாததால் சென்சாரை வீட்டில் தொட வழி இல்லை. லென்ஸ் வாயில் வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சும் வித்தையைப் பலர் சொல்கிறார்கள். ஒரு புள்ளி போகலாம், நான்கு புதிதாக வரலாம், லென்ஸ் குழாயின் பல்சக்கரமும் கெடலாம். கண்டிப்பாக வேண்டாம்.

ஜிஆர் மாதிரி நீண்டு மடங்கும் லென்ஸ் ஒவ்வொரு முறை நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. மணல் பறக்கும் நாளில் அடிக்கடி ஆன், ஆஃப் செய்யாதீர்கள். தானாக அணையும் நேரத்தைக் கூட்டி வையுங்கள், பேட்டரி செலவானாலும் பரவாயில்லை. ஜிஆர் 3 ஒரு பேட்டரியில் சுமார் 200 படம்தான் தரும், இரண்டு உதிரி இருக்கட்டும்.

அறிகுறி 6: லென்ஸ் நீளும்போது கரகரவென்று சத்தம், அல்லது பாதியில் நிற்கிறது

*சத்தம் இல்லாமல் நிற்கிறது*

முதலில் பேட்டரி. சார்ஜ் குறைந்தால் மோட்டாருக்கு வலு போதாது. முழு சார்ஜ் உள்ள பேட்டரியைப் போட்டுப் பாருங்கள். வெயிலில் கேமரா கொதித்துப்போயிருந்தால் பேட்டரியைக் கழற்றி நிழலில் ஆற விடுங்கள், ஏசி காற்றுக்கு நேரே வைக்காதீர்கள்.

*கரகர சத்தம் இருக்கிறது*

குழாயில் மணல். உடனே நிறுத்துங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பதுதான் சின்னப் பழுதைப் பெரிய பழுதாக்குகிறது. பேட்டரியைக் கழற்றி, லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, குழாயின் இடுக்கைச் சுற்றி ரப்பர் புளோயரால் பக்கவாட்டில் ஊதுங்கள். அழுத்தக் காற்று டப்பா வேண்டாம், அது மணலை உள்ளே தள்ளும். மெல்லிய தூரிகையால் இடுக்கைக் கீழ்நோக்கி வருடுங்கள். பிறகு ஒரே ஒருமுறை ஆன் செய்யுங்கள். சத்தம் இருந்தால் சர்வீஸ், இரண்டாவது முயற்சி இல்லை. கையால் லென்ஸை இழுக்கவோ தட்டவோ கூடாது.

அறிகுறி 7: முழுப் பூங்காவையும் எடுத்தால் ஒன்றும் இல்லாத படமாக வருகிறது

ஜிஆர் 3-இல் உள்ளது போன்ற 28 மி.மீ. அகலக் கோண லென்ஸ் எல்லாவற்றையும் சிறிதாக்கும். முன்னால் ஒரு மீட்டர் தூரத்தில் அடம்புக் கொடியோ ஒரு பூச்செடியோ வரும்படி குனிந்து நில்லுங்கள். ஜிஆர் 3-இல் எஃப் 8, ஃபோகஸ் 2 மீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 1 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். எக்ஸ்100-இல் எஃப் 8, 3.3 மீட்டர். அடம்புப் பூ காலையில்தான் விரிந்திருக்கும், மதியத்துக்குமேல் போனால் சுருங்கிய பூதான் கிடைக்கும். கடல் தெரிந்தால் லெவல் கோட்டைத் திரையில் வையுங்கள், தொடுவானம் சாய்ந்தால் கண்ணுக்கு உடனே தெரியும்.

தூரத்துப் பறவைக்கும் உச்சிக்கிளைப் பூவுக்கும் இந்தக் கேமரா இல்லை. ஜிஆர் 3-இல் 50 மி.மீ. கிராப் (படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது) போட்டால் மிஞ்சுவது சுமார் 7 மெகாபிக்சல்.

பேக்கரும்பு கலாம் நினைவிடத்தில் உள்ளே படமெடுக்க விடுவதில்லை, வெளித்தோட்டத்துக்கும் வாசலில் கேட்டுக்கொண்டு கேமராவை எடுங்கள். மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் கடலோரக் காவல்படை, கடற்படை வளாகங்களை நோக்கிக் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

அறிகுறி 8: டயல் இறுகுகிறது, பட்டன் ஒட்டுகிறது

உப்பு உலர்ந்து இடுக்கில் நிற்கிறது. கேமராவை அணைத்து, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த துணியால் டயலைச் சுற்றித் துடைத்து, இருபக்கமும் மெதுவாகச் சுழற்றுங்கள். எண்ணெய், டபிள்யூடி-40 எதுவும் விடக் கூடாது. கடலோரம் போய்வந்த ஒவ்வொரு மாலையும் கேமராவின் உடலை இப்படித் துடைத்துவிட்டால் இந்த அறிகுறியே வராது.

அறிகுறி 9: அலை அடித்துவிட்டது, அல்லது கடல்நீரில் விழுந்துவிட்டது

இதில் வீட்டு வைத்தியம் இல்லை, வரிசை மட்டும் உண்டு. ஆன் செய்து பார்க்காதீர்கள். ஆனாகவே இருந்தால் பேட்டரியை உடனே உருவுங்கள், லென்ஸ் நீண்டிருந்தாலும் பரவாயில்லை. கார்டை எடுங்கள், படங்கள் பெரும்பாலும் பிழைக்கும். வெளிப்புறத்தை நல்ல நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள். அரிசி உப்பை எடுக்காது, மாவுத் தூசியை மட்டும் சேர்க்கும். வெயிலில் காய வைத்தாலும் நீர் போய் உப்பு உள்ளேயே தங்கி, செம்புத் தடங்களை அரிக்கத் தொடங்கும்.

அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலையிலேயே, மதுரையிலோ சென்னையிலோ உள்ள சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோங்கள். கடல்நீர் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அவர்கள் திறந்து கழுவும் முறையே அதனால் மாறும். பிரிக்கும் முன் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். சர்க்யூட் பலகையும் லென்ஸும் இரண்டுமே போயிருந்தால் செலவு பழைய கேமரா ஒன்றின் விலையை நெருங்கும், அந்த நிலையில் பழுது பார்க்காமல் கேமராவை அப்படியே திரும்பப் பெற்றுக்கொள்வதே சரி.